குனிய மறந்த முதுகு

என்னிடம் பயிற்சி பெற்று, இப்போது எனக்கே முழங்கால் பயிற்சி சொல்லித்தரும் அளவுக்கு உயர்ந்துவிட்ட ஒரு பெண் போன மாதம் வீட்டுக்கு வந்தாள். பிசியோதெரபிஸ்டுகளின் கூட்டம் ஒன்றில் நான் பேச வேண்டுமாம். நாள்பட்ட இடுப்புவலிக்காரர்களின் முதுகு, வயிற்றுத் தசைகளை எப்படி வேலை செய்ய வைப்பது என்பது தலைப்பு. சொல்லிவிட்டுத் தன் கைபேசியில் ஒரு படத்தை ஓட்டிக் காட்டினாள். இறுக்கமான பனியன் போட்ட ஓர் இளைஞர், தரையில் கிடந்த நடுத்தர வயதுக்காரரைப் பார்த்து, "வயித்த இறுக்குங்க, இன்னும் இறுக்குங்க, விட்டுடாதீங்க" என்று ஏலம் போடுகிறவர் மாதிரிக் கத்திக்கொண்டிருந்தார். கீழே கிடந்தவரின் முகம் பிரசவ வார்டை நினைவூட்டியது.

"என்ன நினைக்கிறீங்க மேடம்?" என்றாள்.

"அந்த மனுஷன் கடைசியா எப்ப மூச்சு விட்டாரு?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை. என் உத்தியோக காலத்தின் நல்ல பகுதி, தசைகளை வேலை வாங்குவதில் போகவில்லை. போதும் நிறுத்து என்று அவற்றிடம் கெஞ்சுவதில்தான் போனது. மேடையில் எனக்குத் தரப்போகும் நேரத்தில் ஒரு ஆளை மேஜைமேல் குப்புறப் படுக்க வைக்கக்கூட முடியாது என்பதால், எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் படிப்பின் பெயரை வீட்டில் யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. "கை கால் பிடிச்சு விடறதுக்கா இத்தனை வருஷப் படிப்பு?" என்று சித்தப்பா கேட்டார். எலும்பின் மேடு பள்ளங்களுக்கெல்லாம் பெயர் மனப்பாடம் செய்தோம். இடுப்புவலிக்கு மூன்று வைத்தியம் கற்றோம்: பலகைப் படுக்கை, எடை கட்டி இழுப்பது, பெல்ட். மூன்றும் ஆளை அசையாமல் வைத்திருப்பதற்கானவை. வலிக்கிற இடத்தை அசைக்காதே என்பதுதான் அன்றைய வேதம். வேதத்தை யாரும் கேள்வி கேட்கவில்லை. கேட்ட ஒரே மனிதரிடம் எனக்கு வேலை கிடைத்தது.

மெட்ராஸில் ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரியின் பின்கட்டில் எங்கள் பிரிவு இருந்தது. தலைமை டாக்டரை எல்லாரும் சீஃப் என்போம். குள்ளமானவர். கோடைகாலத்திலும் டை கட்டுவார். நோயாளி யாராக இருந்தாலும் "வாங்க, உக்காருங்க" என்பார். சக டாக்டர்களை மட்டும் "வா, போ" என்பார். எங்கே வலிக்கிறது என்று ஒருபோதும் கேட்க மாட்டார். "உங்க வேலையில எது முடியலை?" என்றுதான் கேட்பார். வலியைப் பற்றிப் பேச வந்தவர்கள் முதலில் திகைப்பார்கள், பிறகு வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்து நிறுத்த மாட்டார்கள்.

அவருடைய செல்லப்பிள்ளை ஒரு இயந்திரம். தசையில் ஓடும் மின்சாரத்தைப் பிடித்து, பச்சைக் கோடாகத் திரையில் காட்டும். கூடவே ஒலிபெருக்கியில் சத்தமாகவும் தரும். தகரக் கூரையில் மழை பெய்வது போன்ற சத்தம். தசை எவ்வளவு வேலை செய்கிறதோ அவ்வளவு மழை. பிரிவில் சேருகிற ஒவ்வொருவரும் முதல் நாள் தங்கள் முதுகை அதற்குக் காட்ட வேண்டும் என்பது சீஃபின் சட்டம். நானும் காட்டினேன். மூத்த நர்ஸ் ஒருவர் என் முதுகில் தகடு ஒட்ட, சீஃப் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "மெதுவா குனிம்மா" என்றார். குனியக் குனிய மழை வலுத்தது. கை பாதத்தைத் தொட்டுத் தொங்கிய நொடியில் மழை சட்டென்று நின்றுவிட்டது. இயந்திரம் கெட்டுவிட்டது என்று நினைத்தேன்.

"ஏன் நின்னுது?" என்றார் சீஃப், சீலைக்கு வெளியிலிருந்து.

தொங்கிய தலையோடு யோசித்துச் சொன்னேன். முழுசாகக் குனிந்தபின் உடம்பின் பாரத்தை முதுகெலும்பைக் கட்டியிருக்கும் நார்கள் வாங்கிக்கொள்கின்றன. தசைக்கு அங்கே வேலை இல்லை. அதனால் ஓய்வெடுக்கிறது.

"வலிக்காரங்களுக்கு நிக்காது. அந்தச் சத்தத்தை நிறுத்தறதுதான் இங்க உன் வேலை" என்றார். எனக்குத் தரப்பட்ட பணி விளக்கம் அவ்வளவுதான். ஓய்வு பெறும்வரை அதைவிடத் தெளிவாக வேறு யாரும் சொல்லவில்லை.

தகடு ஒட்டுவது எப்படி என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். நீங்கள் பொட்டு மாதிரி உரித்து ஒட்டுகிறீர்கள். நாங்கள் முதலில் ஆளை நிற்க வைத்து இடுப்பெலும்பின் இரண்டு மேடுகளையும் கையால் தேடுவோம். இரண்டையும் இணைக்கும் கோடு முதுகெலும்பின் நான்காவது இடுப்புக் கணுவில் விழும். அங்கிருந்து ஒரு கணு மேலே. பிறகு பக்கவாட்டில் இரண்டு விரல். அந்த இடத்தைச் சவரம் செய்து, ஸ்பிரிட்டால் துடைத்து, மெல்லிய உப்புக்காகிதத்தால் தோல் சிவக்கும்வரை தேய்ப்போம். வெள்ளித் தகட்டில் உப்புக் களிம்பு தடவி, பிளாஸ்திரி போட்டு ஒட்டுவோம். இன்னொரு தகடு கணுக்காலில். அதற்குப் பிறகு மின்விசிறியை நிறுத்த வேண்டும், டியூப்லைட்டை அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் மழைக்குப் பதில் வண்டு ரீங்காரம் கேட்கும். இவ்வளவும் முடிந்து இருட்டில் வியர்த்து நிற்கும் நோயாளியிடம், "இப்ப தளர்வா இருங்க" என்று சொல்வோம். எங்கள் தொழிலின் நகைச்சுவை இதுதான்.

எழுபதுகளின் கடைசியில் வாரம் ஒரு நாள், இயந்திரத்தையும் ஏற்றிக்கொண்டு, பழவேற்காட்டுக்கு வேன் போக ஆரம்பித்தது. "மெட்ராஸ் முதுகெல்லாம் உக்காந்து கெட்டது. உழைக்கிற முதுகைப் பாக்கணும்" என்றார் சீஃப். ஊருக்குள் ஒரு பாய் தன் பழைய வீட்டின் முன்கூடத்தைக் கொடுத்தார். முன்னோர் கப்பல் வியாபாரம் செய்த வீடு. சுவர் ஒரு முழத்துக்கு மேல் கனம், சத்தம் உள்ளே வராது. மின்சாரம் மட்டும் பாயின் விருந்தாளி மாதிரி, வரும்போது வரும். முதல் சில வாரம் கூட்டமே இல்லை. கூடை தலையில் வைத்து மீன் விற்கப் போகும் பெண்களைக் கேட்டால், "வலி யாருக்குத்தான் இல்ல?" என்று சொல்லிவிட்டு பொன்னேரி பஸ்ஸுக்கு ஓடுவார்கள். இடுப்புவலியை அவர்கள் ஒரு நோயாகவே மதிக்கவில்லை. மதித்து வந்த முதல் ஆள் கன்னியப்பன்.

பசியாவரம் ஊருக்கு அப்பால் பழவேற்காட்டு ஏரிக்குள் இருந்த ஒரு மீனவக் குப்பத்துக்காரர். நாற்பது வயது இருக்கும். வாசலில் அவர் வந்து நின்றபோது யாரோ அதிகாரி வந்துவிட்டார் என்று பாய் எழுந்துவிட்டார். அப்படி ஒரு நிமிர்வு. தோணியைக் கரையேற்றும்போது இடுப்பில் பிடித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஏதோ ஒரு டாக்டர் தோலும் இரும்புப் பட்டையும் வைத்த பெல்ட்டைக் கொடுத்து, "இனி குனியாதே" என்று சொல்லியிருக்கிறார். கன்னியப்பன் அதை அப்படியே காப்பாற்றினார். கீழே கிடக்கும் பீடியை எடுக்கவும் மண்டியிட்டு எடுத்தார். நின்றுகொண்டே சாப்பிட்டார். குப்பத்தில் அவருக்குப் பெயரே மாறிவிட்டது.

"கவுனருன்னு கூப்புடுறானுங்கம்மா" என்றார். "நான் போனா, கவுனரு வராரு, வழி வுடுங்கடாங்குறான். சின்னப் பசங்க சலாம் அடிக்குதுங்க."

பெல்ட்டைக் கழற்றினோம். உப்புக் காற்றில் துருப்பிடித்த பட்டைகள் தோலில் சிவப்புக் கோடு போட்டிருந்தன.

சீஃப் தன் கேள்வியைக் கேட்டார். "உங்க வேலையில எது முடியலை?"

"அடிக்கயிறு பொதைக்க முடியலைங்க."

பிறகு நிதானமாகச் சொன்னார். ஏரியில் எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை ஊன்றலாம் என்பதைக் குப்பத்து ஆண்கள் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அந்த உரிமைக்குப் பாடு என்று பெயர். இடுப்பளவுக்கும் குறைந்த தண்ணீரில் வளைவாகக் கம்பு ஊன்றி, கம்பில் வலையைக் கட்டி, வலையின் அடிக்கயிற்றைக் கையால் சேற்றில் அமுக்கிப் புதைத்துக்கொண்டே போக வேண்டும். புதைக்காத இடத்தில் இறால் எல்லாம் அடியில் நழுவிவிடும். பாடு வைத்திருப்பவன் தன் காலால் தண்ணீரில் இறங்க வேண்டும் என்பது அவர்கள் கட்டுப்பாடு. அதைக் காப்பவர் குப்பத்துத் தலைவரான நாட்டார். உடம்பு முடியாவிட்டால் மாற்றாள் விடலாம். கன்னியப்பன் விட்டுப் பார்த்துவிட்டார்.

"மாத்தாள் வுட்டது போதும், இந்தச் சீட்டுக்கு அப்பறம் மொத வலைய நீயே பொதைக்கணும், இல்லன்னா உன் பாடு அடுத்தவனுக்குன்னு நாட்டாரு சொல்ட்டாரு. எனக்கு ரெண்டும் பொண்ணு. எங்க நைனா வுட்டுட்டுப் போனது அந்தப் பாடு ஒண்ணுதான். அதும் போச்சுன்னா அடுத்தவன் தோணியில கூலிக்குத்தான் போவணும். குனிய முடியாதவனுக்குக் கூலி யாரு குடுப்பான்?"

சொல்லும்போதும் அவர் தோள் இறங்கவில்லை. கவர்னர் தன் ராஜினாமாவைப் படிப்பது போலிருந்தது.

தகடு ஒட்டினேன். குனியச் சொன்னேன். கதவு கீலில் திரும்புவது போல இடுப்பில் மட்டும் மடங்கினார். முதுகு பலகையாக அப்படியே வந்தது. விரல் முழங்காலைத் தாண்டவில்லை. ஒலிபெருக்கியில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது, நிற்கவே இல்லை. படுக்க வைத்தால் தூறலாகியது, எழுந்து நின்றால் மறுபடி பிடித்துக்கொண்டது.

"பலவீனமா?" என்று சீஃப் என்னைக் கேட்டார்.

"இல்ல சார். ஓயவே மாட்டேங்குது."

அந்தத் தசை, ஓய்வு வயது தாண்டியும் நாற்காலியை விடாத அதிகாரி மாதிரி. தான் இல்லாவிட்டால் கட்டிடமே விழுந்துவிடும் என்ற நம்பிக்கையில் இரவு பகலாக உட்கார்ந்திருக்கிறது. அதனாலேயே வலிக்கிறது. வலிப்பதால் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது.

வாராவாரம் வந்தார். மேஜை விளிம்பில் கவிழ்ந்து தொங்க வைத்தோம். சுவரில் சாய்ந்து சாய்ந்து வளைய வைத்தோம். தன் முதுகின் சத்தத்தைத் தானே கேட்டுக் குறைக்கச் சொன்னோம். படுத்தால் குறைத்துவிடுவார். நின்று குனியும்போது மட்டும் முடியவில்லை. சீட்டுக் குலுக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் அவருடைய மாமியார் தேசம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெண்ணோடு கன்னியப்பன் வீட்டிலேயே இருந்தார். காலால் பிறந்தவர். அதாவது பிறக்கும்போது தலைக்கு முன் கால் வெளியே வந்தவர். அப்படிப் பிறந்தவர்கள் வந்து உதைத்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. ஏரிக்குள் அத்தனை குப்பத்துக்கும் தேசம்மாவின் இடது கால்தான் வைத்தியம். கன்னியப்பனுக்கும் அந்த வைத்தியம் நடந்தது. சங்கடம் என்னவென்றால், அந்த வீட்டில் மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. மாமியார் கதவுக்குப் பின்னால் நின்று, கோழியைப் பார்த்தோ சுவரைப் பார்த்தோதான் சொல்வார். ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில் வந்து உதைப்பார். மருமகன் குப்புறப் படுத்திருந்ததால் முகம் பார்க்கவில்லை, மரியாதை கெடவில்லை.

தன் வைத்தியம் பலிக்காத ஆளை மெட்ராஸ்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க ஒரு நாள் தேசம்மாவும் கூடவே வந்தார். கூடத்துக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். நான் கன்னியப்பனைக் குனிய வைத்திருந்தேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"யம்மா," என்று கதவு என்னைக் கூப்பிட்டது. "இன்னாத்துக்கு இந்தப் பொட்டி? முதுவுக்கு ரேடியோ வெச்சி ஊருக்கே கேக்க வெச்சிட்டா வலி போயிடுமா? இந்தப் பாடு பட்டதுக்கு, நான் இன்னும் ரெண்டு ஒதை சேத்து வுட்டிருந்தா என்னிக்கோ எழுந்து ஓடியிருப்பாரு."

கன்னியப்பன் குனிந்தபடியே பொங்கிவிட்டார். "அவங்ககிட்ட சொல்லுங்கம்மா! ஒதைச்சது பத்தலையான்னு கேளுங்க! மாப்புள்ளைய ஒதைக்கிறதுக்குன்னே காலால பொறந்துட்டு, இங்கியும் வந்து கதவாண்ட குந்திக்கினு கீறாங்க. பொண்ணக் குடுத்தாங்களா, காலக் குடுத்தாங்களா? கட்டிக்கின நாளா கோழியத் திட்டுற மாதிரி என்னத்தான் திட்டுறாங்க, எனக்குத் தெரியாதாமா..."

சீஃப் ஒரு விரலை உதட்டில் வைத்தார். இயந்திரத்தைக் கேட்கும்போதெல்லாம் அவர் செய்வதுதான். அப்போதுதான் எனக்குக் காதில் விழுந்தது. மழை தூறலாகி, தூறல் சொட்டாகி, நின்றிருந்தது. கன்னியப்பனின் விரல்கள் முழங்காலைத் தாண்டிக் கெண்டைக்காலில் இருந்தன. அவருக்கே அது தெரியவில்லை. மூச்சு முட்டப் பேசி முடித்து வாயை மூடினார். உடனே மழை மறுபடி பிடித்துக்கொண்டது.

"இன்னொரு தடவை திட்டச் சொல்லு" என்றார் சீஃப்.

"யாரை சார்?"

"அந்த அம்மாவைத்தான். அவருக்கு நல்ல பழக்கம் இருக்கு."

திட்டினார். மழை நின்றது. நிறுத்தினார். பெய்தது. பாய் வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, "இது நல்ல வைத்தியமா கீதே" என்றார்.

பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. குனிவதற்கு முன்னால் கன்னியப்பன் ஒவ்வொரு முறையும் மூச்சை இழுத்து, நெஞ்சுக்குள் பூட்டிவிடுவார், மூட்டை தூக்கப் போகிறவன் மாதிரி. மூச்சைப் பூட்டினால் வயிறு பூட்டும், வயிறு பூட்டினால் முதுகும் காவலுக்கு வந்துவிடும். பேசுகிறவன் மூச்சைப் பூட்ட முடியாது. கோபமாகப் பேசுகிறவன் தன் முதுகை நினைத்துக்கொண்டிருக்கவும் முடியாது. எங்கள் எதிரில் வாய் திறக்காமல் மரியாதையாக நின்றதுதான் அத்தனை வாரம் அவரைக் கெடுத்தது.

"வலி முழுசா போயிடும்னு நான் சொல்லலை" என்று சீஃப் அவரிடம் சொன்னார். "கொஞ்சம் இருக்கும். ஆனா குனிஞ்சா ஒண்ணும் ஒடையாது. பேசிக்கிட்டே குனிங்க. பெல்ட்டைத் தூரப் போடுங்க."

"யாருகிட்ட பேசறது?"

"நீங்க யாருகிட்ட நிறையப் பேசணும்னு வெச்சிருக்கீங்களோ, அவங்ககிட்ட."

அடுத்த வாரம் தோணியில் குப்பத்துக்கே போனேன், வீட்டில் எப்படிச் செய்கிறார் என்று பார்க்க. வாசலில் கன்னியப்பன் நின்று, பழைய வலைக்கயிறு ஒன்றை மணலில் புதைத்துப் பழகிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு குனிவுக்கும் ஒரு குற்றச்சாட்டு. உள்ளேயிருந்து தேசம்மா கோழிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கன்னியப்பனின் மனைவி பவுனு மீன் ஆய்ந்துகொண்டே, "கல்யாணம் ஆனதிலேர்ந்து இத்தன பேச்சு இந்த ஊட்ல கேட்டதில்லக்கா" என்றாள். அந்தக் குரலில் புகார் இல்லை.

நான் உள்ளே போனேன். தேசம்மா உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்ததைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. தூணைப் பிடித்து, தொடையில் கை ஊன்றி, மூச்சைப் பூட்டி எழுந்தார். ஆயுசெல்லாம் தலையில் கூடை சுமந்த முதுகு.

"உங்களுக்கும் வலிக்குதா?"

"ரொம்ப நாளா."

"யாருகிட்டயும் காட்டலையா?"

"யாருகிட்ட காட்டறது? ஊர் முதுவெல்லாம் நான் ஒதைக்கிறேன். என்ன ஒதைக்க இந்த ஏரியில காலால பொறந்தவ வேற எவ கீறா?"

சிரித்தார். அங்கேயே பாயில் படுக்க வைத்துக் கை வைத்துப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. மெதுவாகப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே மூச்சை விட வைத்தேன். பேச்சு வளர்ந்து பாடு, சீட்டு, முதல் வலை என்று போனபோதுதான் அவர் சாதாரணமாகச் சொன்னார்:

"எல்லாம் சரிதான். மொத வலை அன்னிக்கு வாயத் தொறக்கக் கூடாதே. அதுக்கு இன்னா பண்ணுவாரு?"

"என்ன கூடாது?"

"சீசன்ல அவனவன் தன் மொத வலைய பொதைக்கிறப்ப, அடிக்கயிறு முழுசும் சேத்துல எறங்குற வரைக்கும் யாரும் பேசக் கூடாது. கரையில நிக்கிறவங்களுங்கூட. பேசினா ஏரி வலைய ஒப்புக்காது."

வாசலுக்கு ஓடிக் கன்னியப்பனைக் கேட்டேன். இதை ஏன் ஒரு வார்த்தை எங்களிடம் சொல்லவில்லை?

"இது யாருக்குத் தெரியாது?" என்றார் அவர் ஆச்சரியமாக. தண்ணீர் நனைக்கும் என்று யாராவது எடுத்துச் சொல்வார்களா? பிறந்ததிலிருந்து தெரிந்த ஒன்றை அவர் எங்கள் வைத்தியத்தோடு சேர்த்துப் பார்க்கவே இல்லை. சேர்த்துப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

சீட்டுக்கு முந்தைய கடைசி முகாமில் சீஃபிடம் சொன்னேன். டையைத் தளர்த்தினார். அதற்கு முன் ஒரு தடவைதான் அவர் அப்படிச் செய்து பார்த்திருக்கிறேன். "மூச்சுதானே வேணும், சத்தம் எதுக்கு?" என்று, வாயைக் குவித்து வெறுமே ஊதிக்கொண்டே குனியச் சொன்னார். மழை கொட்டியது. கன்னியப்பனின் முதுகு அந்த ஏமாற்றுக்கு மயங்கவில்லை. அவர் மறுபடி தன் இடுப்பையே நினைத்துக்கொண்டிருந்தார்.

"சரி, வாய்க்குள்ளயே திட்டுங்க. ஒவ்வொரு வார்த்தையா. உதடு மட்டும் அசையட்டும்" என்றார் சீஃப்.

கன்னியப்பன் நிமிர்ந்து நின்று தொடங்கப் போனார். மின்சாரம் போய்விட்டது. திரையில் பச்சைக் கோடு ஒரு புள்ளியாகச் சுருங்கி மறைந்தது. பாய் தெருமுனைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்து கையை விரித்தார். வேன் கிளம்பும்வரை வரவில்லை. அந்த வித்தை பலிக்குமா என்று இயந்திரத்தைக் கேட்கவே முடியவில்லை.

வேனில் ஏறுமுன் சீஃப் என்னைக் கூப்பிட்டார். கன்னியப்பனைக் குனிய வைத்து, முதுகில் தன் உள்ளங்கையைப் பதித்தார். "இங்க பாரு. தசை வேலை செய்யறப்ப முதுகெலும்புக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு கயிறு மாதிரி வரப்பு நிக்கும். நடுவுல பள்ளம். தசை விட்டுட்டா வரப்பு ரெண்டும் படுத்துடும். பள்ளத்துலேர்ந்து எலும்பு வரிசையா எழும்பும். கண்ணாலயே தெரியும். நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு." முதல் வலை அன்றைக்கு அவருக்கு ஆஸ்பத்திரியில் கூட்டம். நான் லீவு போட்டேன்.

சீட்டில் முதல் முறையே கன்னியப்பனுக்குத்தான் விழுந்தது. அதிர்ஷ்டம் என்று அதைச் சொல்வதா என்று யாருக்கும் தெரியவில்லை. விடிந்து கொஞ்ச நேரத்தில் குப்பத்தின் கிழக்குக் கரையில் கூட்டம். வலை போடப் போகும் தோணியில் பெண்கள் ஏறுவதில்லை; ஆனால் வலை ஊன்றும் இடம் கரையை ஒட்டியே இருந்ததால், தேசம்மாவும் பவுனும் நானும் கணுக்கால் தண்ணீரில் நின்றோம். நாட்டார் தோணியின் முனையில் உட்கார்ந்திருந்தார். கனத்த உடம்பு, வெள்ளை மீசை. கெட்டவர் இல்லை. கட்டுப்பாடு என்று ஒன்று இருந்தால் அது ஒருவருக்காக வளையக் கூடாது என்று நினைத்தவர்.

கம்பு ஊன்றி முடித்தார்கள். நாட்டார் கையைத் தூக்கினார். கரை முழுக்கப் பேச்சு நின்றது. ஒரு குழந்தை சிணுங்கியது, யாரோ அதன் வாயில் விரலை வைத்தார்கள்.

கன்னியப்பன் சட்டை இல்லாமல் தொடையளவு தண்ணீரில் நின்றார். அடிக்கயிற்றைக் கையில் எடுத்தார். குனிந்தார். பாதியில் நின்றுவிட்டார்.

எனக்கு முதுகு நன்றாகத் தெரிந்தது. இரண்டு பக்கமும் இரண்டு வரப்பு, முறுக்கிய வடக்கயிறு மாதிரி. நடுவில் ஆழமான பள்ளம். நெஞ்சு விம்மி அப்படியே நின்றிருந்தது. மூச்சைப் பூட்டிவிட்டார். தோணியில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பவுனு என் கையைப் பிடித்தாள். நாட்டார் மீசையை நீவினார், எழுந்திருக்கப் போகிறவர் போல.

கன்னியப்பன் தலையைக் கொஞ்சம் திருப்பினார். எங்களைப் பார்த்தார். சரியாகச் சொன்னால் தேசம்மாவைப் பார்த்தார். நேராக முகத்தைப் பார்த்தார். பிறகு அவர் உதடு அசைய ஆரம்பித்தது.

சத்தமே இல்லை. உதடு மட்டும் வேகவேகமாக ஓடியது. விம்மிய நெஞ்சு இறங்கியது. இடது பக்க வரப்பு முதலில் தளர்ந்தது, பிறகு வலது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டும் மணலில் தண்ணீர் வடிவது போல் படுத்துவிட்டன. பள்ளம் இருந்த இடத்தில் எலும்புகள் ஒவ்வொன்றாக எழும்பி வரிசை கட்டின. முதுகு வில்லாக வளைந்தது. தோள் தண்ணீரைத் தொட்டது. கை சேற்றுக்குள் போனது.

ஒரு அடி வைத்தார். குனிந்தபடியே அடுத்த அடி. கயிறு சேற்றுக்குள் இறங்கிக்கொண்டே போனது. உதடு நிற்கவில்லை. தேசம்மா பேச முடியாமல் என்னை முழங்கையால் இடித்தார். தன் நெஞ்சில் விரலால் தட்டிக் காட்டினார்: என்னைத்தான், என்னைத்தான். அத்தனை பெருமையாகத் திட்டு வாங்கிய மனுஷியை நான் பிறகு பார்த்ததில்லை. நாட்டார் அசையும் உதட்டைக் கூர்ந்து பார்த்தார். சாமியைக் கும்பிடுகிறான் என்று நினைத்தாரோ என்னவோ, தன் தலைப்பாகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஒலிபெருக்கி அங்கே இருந்திருந்தால் அதில் ஒரு சொட்டுக்கூட விழுந்திருக்காது என்று நான் சீஃபிடம் சத்தியம் செய்தேன். "பதிவு இருக்கா?" என்றுதான் அவர் கேட்டார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

வளைவின் கடைசிக் கம்பு வந்தது. கயிற்றின் நுனியையும் அமுக்கியாயிற்று. ஆனாலும் கன்னியப்பன் எழுந்திருக்கவில்லை. முகம் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே தொங்க, கை இரண்டும் சேற்றுக்குள் இருக்க, அப்படியே இருந்தார். பிடித்துக்கொண்டதோ என்று எனக்குத் திக்கென்றது. நாட்டார்தான் முதலில் வாய் திறந்தார்.

"போதும்டா கவுனரே, கயிறு எறங்கிடுச்சி. உன் பாடு உன்னுதுதான். நிமிரு."

தண்ணீரிலிருந்து பதில் வந்தது.

"கொஞ்சம் இரு நாட்டாரே. ரெண்டு வருஷம் ஆச்சி. இப்பத்தான் சொகமா கீது."